ஜவ்வாது மலைக்கு இரண்டு நாள்: அம்மா, குழந்தைகளோடு போகலாமா?

குன்றத்தூர் முகுந்தன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்து வரும் ஏதாவது ஒரு சனி, ஞாயிறில் ஜவ்வாது மலைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும்; எடுத்தாலும் வண்டிக்குப் பின்னால் வண்டியாக ஊர்ந்துதான் ஏற வேண்டும். ஏலகிரி பார்த்தாகிவிட்டது.

வருபவர்கள்: நான், மனைவி, அம்மா (வயது 68, இரண்டு முழங்காலிலும் தேய்மானம்), மகன் (11, எந்நேரமும் நட்சத்திரம், கோள் என்றுதான் பேச்சு), மகள் (6, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும் முன்பே வாந்தி எடுத்தவள்).

பார்க்க வேண்டியவை என்று எழுதி வைத்திருப்பது: கவலூர் வானாய்வகம், ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, கோமுட்டேரி படகுத் துறை, கீழ்சேப்பிளி கற்திட்டைகள், ஜலகாம்பாறை அருவி, அமிர்தி, பருவதமலை, படவேடு, நேரம் இருந்தால் சாத்தனூர் அணை.

எந்த வழியாக ஏறுவது, எந்த வழியாக இறங்குவது? மலையில் இரவு தங்குவது பாதுகாப்பா? பட்டியலில் எதையாவது விட வேண்டும் என்றால் எதை விடலாம்? போய் வந்தவர்களும் அந்தப் பக்கத்துக்காரர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆம்பூர் புல்லட்:

வழியை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன் அண்ணா. சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூர், ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி வரை நேராக வந்துவிடுங்கள். அங்கே இடது பக்கம் ஆலங்காயம். ஆலங்காயத்தில் பெட்ரோல் நிரப்பி, தண்ணீரும் வாங்கிக்கொண்டு காட்டுச் சாலையில் ஏறினால் முதலில் கவலூர், பிறகு ஜமுனாமரத்தூர். இந்தப் பக்கம் வளைவுகள் உண்டு, ஆனால் ஏலகிரி மாதிரி தலை சுற்ற வைக்காது. போளூர்ப் பக்கச் சாலையில் வளைவும் சரிவும் கூடுதல். இருட்டிய பிறகு இரண்டிலும் ஓட்டாதீர்கள். விளக்கு கிடையாது, நடுச்சாலையில் மாடு படுத்திருக்கும், பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி:

தம்பி, உங்கள் பட்டியலைப் படித்துவிட்டுச் சிரித்தேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களை இரண்டு நாளில் சுற்றி வரப் பார்க்கிறீர்கள், அதுவும் தேய்ந்த முழங்காலோடும் வாந்தி எடுக்கும் குழந்தையோடும். நான் இந்த மலையில் கிராம சுகாதாரச் செவிலியாக வேலை பார்த்தவள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஐஸ் உருகுவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நடந்த சாலைகள்தான் இவை. பாதிக்கு மேல் அப்போது சாலையே கிடையாது. எனவே யார் எதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதைவிட, யாரால் எவ்வளவு முடியும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

முதலில் வெட்ட வேண்டியதை வெட்டிவிடலாம்.

பருவதமலை: பேச்சுக்கே இடமில்லை. கடலாடி, தென்மாதிமங்கலம் பக்கம் அடிவாரம்; உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். கடைசிப் பகுதியில் பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பௌர்ணமி இரவுகளில் இளவட்டங்கள் கூட்டமாக ஏறுவார்கள். ஏறி இறங்க ஒரு முழு நாள் போகும். அம்மாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறுவது நியாயமில்லை. போகிற வழியில் கையெடுத்துக் கும்பிடட்டும், மலையே சாமிதான்.

சாத்தனூர் அணை: அது தென்பெண்ணை மேல் இருக்கிறது, செங்கத்துக்கும் அப்பால். திருவண்ணாமலைக்குத் தனியாக ஒரு தடவை வருவீர்கள் அல்லவா, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஜலகாம்பாறை: ஏலகிரி மலைச் சரிவில், திருப்பத்தூர்ப் பக்கம். மழை பெய்து ஓய்ந்த மாதங்களில் அழகு. தை மாதத்தில் அதற்காகத் திருப்பத்தூர் வரை சுற்ற வேண்டாம்.

அமிர்தி: வேலூர் பக்கத்து அடிவாரம். சின்ன விலங்குக் காட்சிசாலை, காட்டுக்குள் ஓர் அருவி. மகளுக்குப் பிடிக்கும். ஆனால் இது வேலூருக்கு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது, இந்தப் பயணத்துக்கு இல்லை.

மிச்சம் இருப்பது கவலூர், ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, கோமுட்டேரி, கற்திட்டை, படவேடு. இதுவே அதிகம்தான்; ஆனால் ஒரே கோட்டில் வருவதால் ஒப்புக்கொள்ளலாம். ஆலங்காயம் வழியாக ஏறிக் கவலூரைப் பார்த்து, ஜமுனாமரத்தூரில் தங்கி, மறுநாள் போளூர் வழியாக இறங்கிச் சந்தவாசல் பக்கம் படவேட்டில் அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கண்ணமங்கலம், வேலூர் என்று சென்னை திரும்பலாம். போன வழியே திரும்ப வேண்டியதில்லை.

இப்போது ஒவ்வொன்றாக. பீமன் அருவிக்கு ஜமுனாமரத்தூரிலிருந்து சற்றுத் தூரம்தான். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் நன்றாக இருக்கும். தையில் குறைந்திருக்கும், ஆனால் அடியோடு வற்றியிருக்காது. அருவிக்கு இறங்கும் இடம் பாறையும் பாசியும். அம்மாவை மேலேயே நிறுத்திவிடுங்கள். குளிக்கிறேன் என்று பையனைப் பாறை மேல் ஏற விடாதீர்கள். விழுந்து கை முறிந்து வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டு வேலூர் அனுப்பியவள் சொல்கிறேன். எலும்பு முறிவுக்கு மேலே வசதி போதாது, கீழேதான் இறங்க வேண்டும்.

கோமுட்டேரியில் படகு உண்டு, சின்னப் பூங்கா உண்டு. சென்னைக் குழந்தைக்குப் படகு புதிதில்லை என்றாலும் அங்கே ஒரு மணி நேரம் போவது தெரியாது. அம்மாவுக்கு உட்கார நிழலும் கிடைக்கும்.

கற்திட்டைகள் ஒரு குன்றின் மேல் இருக்கின்றன. கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடியாக வைத்த பழங்காலத்து ஈமச் சின்னங்கள். ஊரார் குள்ளர் குகை என்பார்கள். அந்தக் காலத்தில் குள்ள மனிதர்கள் அதற்குள் வாழ்ந்தார்கள் என்று கதை. படி எதுவும் இல்லாத ஏற்றம். நீங்களும் பையனும் காலையில் வெயில் ஏறுமுன் போய் வரலாம், கீழே ஊரில் யாரையாவது கேட்டுத் துணைக்கு அழைத்துக்கொண்டு. அழைத்துப் போகிறவருக்கு ஒரு நாள் கூலியை மதித்துக் கொடுங்கள். தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லி அனுப்பும் சிக்கனம் வேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும், இந்த மலைக்கு ஆட்களை அழைத்து வருபவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது வேறு. அருவி, ஏரி, பூங்கா என்று தேடினால் ஏற்காட்டோடும் ஏலகிரியோடும் ஒப்பிட்டு ஏமாந்துதான் போவீர்கள். இங்கே பார்க்க வேண்டியது ஊர்களை. பலாவும் புளியும் நிற்கும் மேட்டில் வீடுகள், சரிவில் சாமைக் கொல்லை, பள்ளத்தில் கொஞ்சம் நெல். ஆடியில் விதைக்கும் சாமையைப் புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பார்கள். நீங்கள் வரும்போது அறுப்பு முடிந்து கொல்லை வெறுமையாக இருக்கும். ஆனால் மாவில் பூ பிடித்திருக்கும், கொஞ்ச நாளில் புளி உலுக்கத் தொடங்குவார்கள். மரத்தின் மேல் ஒருவர் ஏறிக் கிளையை உலுக்க, கீழே பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கிக் குவிப்பதைப் பார்த்தால் உங்கள் மகள் தானும் பொறுக்க ஓடுவாள். விடுங்கள், ஓடட்டும்.

மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை. ஊருக்குள் போனால் வண்டியை வெளியே நிறுத்தி, பெரியவர் யாரையாவது பார்த்து, இன்னார், சும்மா பார்க்க வந்தோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. அறிமுகமில்லாத கார் வந்தால் இங்கே கண்கள் சுருங்கும். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர்கள் அப்படித்தான் வந்தார்கள், முன்பணம் கொடுத்து ஆந்திரக் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அவர்களில் இந்த மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. அதற்கு முந்தைய தலைமுறையில் இதே தொல்லை சந்தன மரத்தால். திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கு இருப்பதே இந்த மலைக் காட்டால்தான். ஆகவே சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுங்கள். காட்டிலிருந்து ஒரு குச்சியைக்கூட நினைவுக்கு என்று எடுத்து வராதீர்கள்.

தங்குவது பற்றி: ஜமுனாமரத்தூரில் வனத்துறை விடுதி இருக்கிறது, தனியார் விடுதிகளும் வந்துவிட்டன. கண்டிப்பாக முன்பதிவு செய்துகொண்டு வாருங்கள். மேலே வந்து தேடலாம் என்று இருக்காதீர்கள். அறை கேட்கும்போது மேற்கத்திய பாணிக் கழிப்பறை இருக்கிறதா, தரைத்தளத்தில் அறை கிடைக்குமா என்று அம்மாவுக்காக இரண்டு கேள்வி. இரவில் குளிரும். ஊட்டிக் குளிர் இல்லை, ஆனால் ஒரு சுவெட்டரும் காதுக்குத் துணியும் வேண்டும். முழங்கால் வலி குளிரில் கூடும், தைலத்தை மறக்க வேண்டாம்.

மகளுக்கு: புறப்படும் முன் பால் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது. மலை ஏறும்போது போனைக் கையில் கொடுக்காமல் முன்பக்கச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். மருந்து வேண்டுமானால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். வாந்தி வந்த பிறகு கொடுத்தால் மருந்தும் வாந்தியோடு வெளியே வந்துவிடும்.

அமாவாசை வானம்:

முகுந்தன் ஐயா, கவலூர் பற்றி உங்கள் மகனுக்காக நான் எழுதுகிறேன். அங்கே போவதற்கு முன் அவனுக்கு இரண்டு கதை சொல்லி அழைத்துப் போங்கள். இல்லாவிட்டால் வெள்ளைக் கூடாரம் ஒன்றைப் பார்த்த நினைவு மட்டும்தான் மிஞ்சும்.

வைணு பாப்பு என்ற வானியலாளர் மாணவராக இருந்தபோதே, 1949-ல், ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். பிறகு கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். இரவு வானை ஆராய வேறு இடம் தேடியபோது ஜவ்வாது மலையின் கவலூரைத் தேர்ந்தெடுத்தார். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், பெரிய நகரங்களின் வெளிச்சம் எட்டாத காடு, நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் தென்வானமும் நன்றாகத் தெரியும். 1960-களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அடுத்து 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வேலை முடியுமுன் 1982-ல் காலமானார். 1986 ஜனவரியில் அதைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தபோது ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

இரண்டாவது கதை பையனுக்கு இன்னும் பிடிக்கும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடக்க இருந்தது. பல நாட்டு வானியலாளர்கள் காத்திருந்தார்கள். கோள் மறைப்பதற்குச் சற்று முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று மங்கித் தெளிந்தது, கடந்த பின்னும் அப்படியே. கோளைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்பது அப்படித்தான் தெரிய வந்தது. அந்த மங்கலைப் பதிவு செய்த இடங்களில் கவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. அதற்கு அப்புறம் 1988-ல் இங்கே ஒரு சிறுகோளைக் கண்டறிந்து கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள்; வரிசை எண் 4130.

பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். இரவில் வானம் காட்டுவது வானம் தெளிந்த மாதங்களில்தான், ஏறக்குறைய ஜனவரி முதல் மே வரை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழை மேகங்களும் இந்த மலைக்கு வருவதால் மற்ற மாதங்களில் நம்ப முடியாது. நேரமும் அனுமதி முறையும் மாறக்கூடியவை என்பதால் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒன்றை மட்டும் பையனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பெரிய தொலைநோக்கி வழியாக நம்மைப் பார்க்க விட மாட்டார்கள். அது ஆய்வாளர்களுக்கு. நமக்குக் காட்டுவது சின்னத் தொலைநோக்கியில். அதில் நிலவின் குழிகளைப் பார்த்தாலே போதும், அவன் தூங்க மாட்டான்.

தேதி தேர்வு இங்கேதான் முக்கியம். நட்சத்திரங்கள் நிறையத் தெரிய வேண்டும் என்றால் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. நிலவின் குழிகளும் மலைகளும் பார்க்க வேண்டும் என்றால் வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய சனிக்கிழமை; பாதி நிலவில் நிழல் நீளமாக விழும், குழிகள் ஆழமாகத் தெரியும். பௌர்ணமி இரண்டுக்கும் ஆகாது. முதல் தடவை என்பதால் அஷ்டமி என்பேன்.

தொலைநோக்கி கிடைக்காவிட்டாலும் தை, மாசி இரவுகளில் வெறும் கண்ணுக்கே விருந்து. கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை எண்ண முடிகிறது என்று இரண்டு பிள்ளைகளுக்கும் போட்டி வையுங்கள். ஓரியன் என்ற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தில் இடைவார்போல் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைப் பிடித்துக் கீழ்நோக்கி நீட்டினால் சிரியஸ் என்ற பிரகாசமான நட்சத்திரம். அதற்கும் தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம், கனோபஸ். சென்னையில் தெற்கே கட்டடமும் தூசியும் மறைத்துவிடும். இங்கே கண்ணில் அறையும்படி நிற்கும். தென்சிலுவை பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல், மே இரவுகளில் இன்னொரு முறை வர வேண்டும். ஆய்வகத்துப் பக்கம் டார்ச்சை அடிக்காதீர்கள், காரின் முன்விளக்கைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அங்கே ஒருவர் ஓர் இரவு முழுவதும் ஒரே நட்சத்திரத்தின் மங்கிய ஒளியைச் சேகரித்துக்கொண்டிருப்பார்.

பல்லாவரம் பயணி:

எல்லாரும் இப்படிப் புகழ்வதால் மறுபக்கமும் இருக்கட்டும். நாங்கள் நண்பர்களாக மே மாதம் போனோம். வெயில் சென்னையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அருவியில் சொட்டுத் தண்ணீர், பாறையெல்லாம் உடைந்த மதுப் புட்டி. சாப்பாட்டுக் கடையில் மதியம் இரண்டரை மணிக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்றார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. குடும்பத்தோடு என்றால் ஏற்காட்டுக்குப் போங்கள்.

குன்றத்தூர் முகுந்தன்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அமிர்தியையும் பருவதமலையையும் சாத்தனூரையும் ஜலகாம்பாறையையும் அடித்துவிட்டேன். அஷ்டமியை ஒட்டிய சனிக்கிழமையாகப் பார்த்து அறை கேட்கிறேன். பையன் யுரேனஸ் வளையக் கதையைப் படித்ததிலிருந்து என்னைத் தூங்க விடவில்லை.

செவிலி அம்மாவிடம் இன்னும் சில கேள்விகள். பல்லாவரத்துக்காரர் சொல்வதுபோல் சாப்பாட்டுக்குச் சிரமமா? ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாக்லேட், பேனா வாங்கி வரலாமா? கரடி இருக்கிறது என்று மனைவி எங்கோ படித்துவிட்டுப் பயப்படுகிறார். தேன், சாமை வாங்கினால் நல்லதாக எங்கே கிடைக்கும்? படவேட்டில் அம்மாவால் நடக்க முடியுமா?

ஓய்வுபெற்ற செவிலி:

முதலில் பல்லாவரம் தம்பிக்கு. மே மாதத்தில் போனீர்கள், அருவியில் தண்ணீர் இல்லை. சரி, அது அருவியின் குற்றமா? ஆனால் மதுப் புட்டி பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. அதை உடைத்துப் போடுகிறவர்கள் மலைக்காரர்கள் இல்லை, கீழேயிருந்து காரில் வருகிறவர்கள். செருப்பில்லாமல் மாடு மேய்க்கும் பிள்ளைகளின் பாதத்திலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்துத் தையல் போட்டு, டிடி ஊசி போட்டு அனுப்புவதும் எங்கள் வேலையில் அடக்கமாக இருந்தது. ஏற்காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பவர்கள் தாராளமாகப் போகட்டும், எனக்கு வருத்தமில்லை.

முகுந்தன், சாப்பாடு: ஜமுனாமரத்தூரில் கடைகள் உண்டு, ஆனால் வருகிற கூட்டத்தைக் கணக்கிட்டுச் சமைக்கும் பெரிய ஓட்டல்கள் அல்ல. மதியச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே எத்தனை பேர் என்று சொல்லி வைத்துவிட்டால் இலை போட்டுக் காத்திருப்பார்கள். தங்கும் இடத்தில் சாமைச் சோறு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மலைக் கீரையும் காரக் குழம்பும் சேர்ந்தால் அம்மாவுக்கு அவருடைய சின்ன வயது ஞாபகம் வந்துவிடும். மகளுக்கு என்று ரொட்டி, வாழைப்பழம் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சாக்லேட் வேண்டாம். காரைக் கண்டதும் கை நீட்டி ஓடி வரும் பழக்கத்தை இப்படித்தான் உண்டாக்கினார்கள். பல்லும் கெடுகிறது, பல் மருத்துவர் மேலே இல்லை. பேனா, நோட்டு கொடுக்க வேண்டும் என்றால் பள்ளியில் ஆசிரியரிடம் கொடுங்கள். இந்த மலையில் வனத்துறையே நடத்தும் பள்ளிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. நீங்கள் வருவது சனிக்கிழமை என்பதால் பள்ளி திறந்திருக்காது, விடுதிக் காப்பாளரைப் பார்க்கலாம். போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள், குறிப்பாகப் பெண்களையும் சாமி கும்பிடும் இடத்தையும். மரங்கள் அடர்ந்து நடுவில் கல்லோ வேலோ நட்டிருந்தால் அது கோயில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும்.

கரடி இருக்கிறது. உங்கள் மனைவி படித்தது சரிதான். ஆனால் அது விடுதி வாசலில் வந்து நிற்காது. அந்தி மயங்கும் நேரத்திலும் விடியற்காலையிலும் காட்டுப் புதர் ஓரமாகத் தனியாக நடக்காதீர்கள், அவ்வளவுதான். நான் பயந்தது கரடிக்கு இல்லை, மழை நாளில் ஓடை பெருகுவதற்கு. அந்தக் காலத்தில் சாலை இல்லாத ஊர்களிலிருந்து பிரசவ வலி எடுத்த பெண்ணை டோலி கட்டித் தூக்கி வருவார்கள். வழியில் ஓடை பெருகிவிட்டால் அக்கரையில் டோலி, இக்கரையில் நான். ஒரு தடவை அக்கரையிலேயே பிறந்துவிட்டது. கூட வந்த மாமியார் கிழவி தொப்புள் கொடியை எப்படிக் கட்டுவது என்று இக்கரையிலிருந்து நான் கத்த, அவள் “எனக்குத் தெரியும், நீ சும்மா இரு” என்று திருப்பிக் கத்தினாள். இரண்டு உயிரும் பிழைத்தன. இப்போது பல ஊர்களுக்குச் சாலை வந்துவிட்டது, 108 வண்டி வருகிறது. உங்களுக்கு வேண்டியது தையில் வருவதால் ஓடைப் பயமும் இல்லை என்பதுதான், நான் வேறெங்கோ போய்விட்டேன்.

தேன் வாங்கினால் ஜமுனாமரத்தூரில் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். சாலையோரம் அடையோடு வாளியில் வைத்து விற்பதில் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெல்லப்பாகு எது, தேன் எது என்று நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்கும் திறமை சென்னைக்காரர்களுக்கு இல்லை. தண்ணீரில் விட்டால் கரையாது, நாய் நக்காது என்ற சோதனைகளையும் நம்பாதீர்கள். புளி வாங்கலாம், கொட்டை எடுக்காத புளி விலை குறைவு.

படவேடு: ரேணுகாம்பாள் கோயில் சமதரையில்தான் இருக்கிறது, வண்டி வாசல் வரை போகும். ஆடி வெள்ளிக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. தையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மட்டும். சம்புவராயர்கள் தலைநகராக வைத்து ஆண்ட ஊர் அது. சுற்றிலும் பழைய கோயில்கள் பல, அவற்றுக்கு நடுவே வாழைத் தோட்டம், பின்னால் நீங்கள் இறங்கி வந்த மலை. கோட்டைமலை மேலே வேணுகோபால சுவாமி கோயில் ஒன்று உண்டு. அதற்கு ஏற்றம் இருப்பதால் இந்தத் தடவை கீழே இருப்பவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குள் படவேட்டை விட்டுக் கிளம்பினால்தான் வேலூர் தாண்டி நெடுஞ்சாலை நெரிசலுக்கு முன் வீடு போய்ச் சேரலாம்.

ஆம்பூர் புல்லட்:

ஒரு சேர்ப்பு: ஞாயிறு மாலை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து உள்ளே நெரிசல் கட்டாயம். செவிலி அம்மா சொன்ன மூன்று மணியை இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலங்காயத்தில் ஏறுமுன் டயர் காற்றையும் பாருங்கள், ஸ்டெப்னியையும் பாருங்கள். மேலே பஞ்சர் கடை தேட வேண்டிவரும்.

குன்றத்தூர் முகுந்தன்:

அறை கிடைத்துவிட்டது, தரைத்தளம். கடைசியாக ஒன்று: சாமை வாங்கி வந்தால் வீட்டில் எப்படிச் சமைப்பது என்று மனைவி கேட்கிறார். ஒரு தடவை இங்கே கடையில் வாங்கிச் செய்தோம், கூழாகிவிட்டது.

ஓய்வுபெற்ற செவிலி:

தண்ணீர் கூடிப்போயிருக்கும், அல்லது விசில் கணக்கு கூடியிருக்கும். ஒரு பங்கு சாமை அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர். கல் இருக்கும், நன்றாக அரித்துக் களைந்துகொள்ளுங்கள். கால் மணி நேரம் ஊறினால் போதும். குக்கர் வேண்டாம், கனமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்புப் போட்டு, அரிசியைப் போட்டு, தண்ணீர் வற்றி வரும்போது தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். இறக்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் கரண்டி போட வேண்டும். சூட்டோடு கிளறினால் குழையும். தயிர்ச் சோற்றுக்கு என்றால் மட்டும் கூடக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைய விடலாம். பழைய சாமை வாங்காதீர்கள், முகர்ந்து பார்த்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கும்.